பொட்டு வைத்த ஐந்து பெண்கள்

அறுபதுகளில் திருப்பூரில் சோவியத் நாட்டின் தமிழ்ப் பத்திரிகை வராத தெரு கிடையாது. அதைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். சந்தா மலிவு, தாள் வழவழவென்று இருக்கும். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் ஊர்ப் பிள்ளைகளின் நோட்டுகளுக்கெல்லாம் அதுதான் அட்டை. டீக்கடைக்காரர்களுக்கு மட்டும் அதைக் கண்டால் ஆகாது. வடையின் எண்ணெயை அந்தத் தாள் உறிஞ்சாது. அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கியதெல்லாம் ராயபுரத்தில் பழைய பேப்பர் கடை வைத்திருந்த பாயிடம் வந்து சேரும். அவர் எனக்காகத் தனியே எடுத்து வைப்பார்.

நான் அப்போது ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மேசையில் நின்றவன். வயது இருபத்தாறு, கல்யாணமாகவில்லை, வாயும் சும்மா இருக்காது. அந்தப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் ஓவியம் ஒன்று வரும். டிராக்டர் ஓட்டும் பெண், உலைக்கு முன்னால் நிற்கும் இரும்புத் தொழிலாளி, கோதுமை வயலில் பாட்டுப் பாடிக்கொண்டு போகும் கூட்டம். பின்னைக் கழற்றி, தாளைக் கிழியாமல் எடுத்து, மைதாப் பசை காய்ச்சி, பனியன் பெட்டி அட்டையில் ஒட்டி வைப்பேன். ஒரே ஓவியம் இரண்டு இதழில் வந்திருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்வேன். ஒன்றில் தலைத்துணி ரத்தச் சிவப்பாக இருக்கும், மற்றொன்றில் ஆரஞ்சுப் பழம்போல இருக்கும். எது ஓவியர் பூசிய நிறம் என்று தொழிற்சங்கத்து வாசகசாலையில் மணிக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். நாங்கள் ஒருவரும் அசலைப் பார்த்ததில்லை. ஆனாலும் யாரும் விட்டுக்கொடுத்ததில்லை. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கூடவே ஏக்கமும் வருகிறது.

எல்லாவற்றிலும் எனக்கு உயிரானது ஒரு நூற்பாலைப் படம். வெள்ளைத் தலைத்துணி கட்டிய ஐந்து பெண்கள் மிஷின்களுக்கு நடுவே நின்று சிரிக்கிறார்கள். பின்னால் ஆளுயரத்துக்கு மேல் சன்னல்கள், அதன் வழியாக வெயில் கொட்டுகிறது. அதைக் கம்பெனிக்கு எடுத்துப்போய், கட்டிங் மேசைக்கு எதிரே பழைய காலண்டர் தொங்கிய ஆணியில் மாட்டினேன். நாலு பேர் பார்த்து மெச்ச வேண்டாமா?

முதலில் வந்து பார்த்தது கைமடி வேலை செய்த அக்கா. தைக்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணியை மடித்துக் கொடுப்பதுதான் கைமடி வேலை. என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், ஓயாத இருமல். கையில் சோற்றுத் தூக்குப்போசியோடு நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, இவங்க தலையில ஒரு பொட்டுப் பஞ்சு கூட இல்லீங்களே?"

"அது முன்னேறுன நாடுங்க்கா. அங்கெல்லாம் பஞ்சு பறக்காது" என்றேன், நேற்றுத்தான் போய்விட்டு வந்தவன் மாதிரி.

"அப்படீங்களா? சன்னலு மட்டும் நல்லாருக்குதுங்க."

எங்கள் கம்பெனியிலும் சன்னல்கள் இருந்தன. ஆனால் வெளுத்த துணியில் செம்மண் தூசி படிந்துவிடுமென்று முதலாளி எல்லாவற்றையும் பலகை வைத்து அடித்திருந்தார். ஓடு காய்கிற மாதங்களில் உள்ளே இருப்பது அடுப்பில் இருப்பதுதான். பஞ்சுத் தூசி வெளியே போக வழியில்லாமல் எங்கள் மூக்கிலேயே குடியிருந்தது.

அந்த வருடத்து ஆயுத பூஜைக்கு மிஷின்களைத் துடைத்து, எண்ணெய் போட்டு, வாசலில் வாழைக்கன்று கட்டியாயிற்று. நான் கடைவீதியில் பொரியும் எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், சாமி படங்களின் வரிசையில், முருகனுக்குப் பக்கத்தில், என் படம். ஐந்து பெண்களின் நெற்றியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். சந்தனத்து ஈரம் தாளில் ஊறிப் பரவிக்கொண்டிருந்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"ஆரு பண்ணுன வேலை இது? இதென்ன சாமி படமா? அறிவு வேண்டாமுங்களா?" என்று கத்தினேன்.

அக்கா கையிலிருந்த சந்தனத் தட்டைக் கீழே வைக்கவில்லை. "மிசினுக்கே பொட்டு வெக்கறமுங்க தம்பி. மிசின ஓட்டறவங்களுக்கு வெச்சா ஆகாதுங்களா?" என்றார்.

படத்தை எடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் முதலாளி வந்துவிட்டார். கற்பூரம் காட்டி முடித்து, கண்ணைத் திறந்தவர் படத்தைப் பார்த்தார்.

"இது ஆரு?"

"எங்களாட்ட மில்லு வேலைக்காரங்க, மொதலாளி" என்றார் அக்கா. "அந்தச் சன்னலப் பாருங்க. எத்தனை காத்து வரும்!"

முதலாளியின் முகம் மாறியது. படத்தின் ஓரத்தில் பத்திரிகையின் பெயர் இருந்தது. "கட்சிப் படத்தைக் கம்பெனிக்குள்ள கொண்டாந்தது ஆரு?"

கொண்டுவந்தது நான்தான் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாசகசாலையில் ஒரு தலைத்துணியின் நிறத்துக்காகத் தொண்டை கிழியக் கத்துகிற நான், பொரிப் பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தானுங்க வெச்சேன்" என்றார் அக்கா.

விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த அன்று, "இப்ப ஆள் போதும், வேணும்னா சொல்லியனுப்பறோம்" என்று அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொல்லியனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று திருப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் படத்தை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவரைப் போய்ப் பார்க்கத் துணிவில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் வாசகசாலைக்கு வந்த வேறொரு பத்திரிகையில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. நான் நெஞ்சில் வைத்திருந்த ஓவியங்கள் எப்படிப் பிறந்தன என்று அதில் எழுதியிருந்தது. இருப்பதை அல்ல, இனி வரப்போவதை வந்துவிட்டது போல வரைய வேண்டும் என்பது அரசாங்கத்தின் ஏற்பாடாம். வேறு மாதிரி வரைந்தவர்களுக்குக் கண்காட்சியில் இடமில்லை, சிலருக்கு ஊரிலேயே இடமில்லை. நிறைந்த அறுவடைகளைத் தீட்டிய அதே காலத்தில் பட்டினி கிடந்த கிராமங்கள் இருந்தனவாம். இரண்டு முறை படித்தேன். ஏமாந்துவிட்டேன் என்ற ஆத்திரம் தாங்கவில்லை. என் முட்டாள்தனத்துக்காக ஒருத்தி வேலை இழந்திருக்கிறாள் என்பது அதைவிடத் தாங்கவில்லை. படங்கள் மொத்தத்தையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன்.

"எடைக்குப் போட்டுருங்க பாய். எல்லாம் பொய்."

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். நூற்பாலைப் படம் வந்ததும் தனியே எடுத்து என் கையில் கொடுத்தார். "இதுல ஆரோ பொட்டு வெச்சிருக்காங்க தம்பி. இத நான் எடைக்குப் போட மாட்டேனுங்க. மத்ததையும் எடுத்துட்டுப் போங்க, ஆத்திரம் அடங்குனதும் வாங்க" என்றார். ஆத்திரம் அடங்கியது. நான் போகவில்லை.

பங்குனியில் ஒருநாள் கரிப்பெட்டி வைத்துப் பனியன் தேய்த்துக்கொண்டிருந்தவர் வெக்கை தாங்காமல் மயங்கி விழுந்தார். அடுத்த நாள் முதலாளி ஆள் வைத்துப் பின்பக்கத்துச் சன்னல்களின் பலகையைப் பிடுங்கினார். தூசி வராமலிருக்கப் பனியன் துணியையே திரையாகக் கட்டச் சொன்னார். பத்துப் பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கூடத்துக்குள் காற்று வந்தது. எல்லோரும் கையை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தோம். அக்காவின் இடத்தில் வேறொரு பெண் இருந்தாள்.

அன்று சாயங்காலமே படத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து, பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை வெட்டிக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்தே செய்கிற வேலை, பாதிக் கூலி. இருமல் அப்படியேதான் இருந்தது.

"வாங்க தம்பி" என்று கத்தரியை வைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

எதிலிருந்து ஆரம்பிப்பதென்று தெரியாமல் படத்தைப் பற்றி ஆரம்பித்தேன். "அக்கா, அந்த ஊர்ல நெசமா இப்படி இல்லீங்களாம். எப்படி இருக்கோணுமோ அப்படி வரைஞ்சு வெச்சிருக்காங்க."

"அது பாத்தப்பவே தெரிஞ்சுதுங்களே. பஞ்சு பறக்காத மில்லு எங்கீங்க இருக்குது?" என்று சிரித்தார். "தெரிஞ்சுதானுங்க சாமியோட வெச்சேன். வேணுங்கறத அங்கதானுங்களே வெக்கோணும்?"

அப்புறம்தான் சன்னலைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"காத்து வருதுங்களா?"

"வருதுங்க்கா."

"எந்தப் பக்கத்துச் சன்னலுங்க?"

"பின்னாடிங்க. நீங்க உக்காந்திருந்த எடத்துக்கு நேரா."

அவர் கத்தரியை எடுத்து மறுபடி பிசிறு வெட்டத் தொடங்கினார். படத்தை அவரிடமே கொடுக்க நீட்டினேன். சுவரில் இடமில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். நான் எதற்காகப் போனேனோ அதைச் சொல்லாமலே சைக்கிளை எடுத்தேன்.

இன்று என்னிடம் நிறையப் படங்கள் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்களுக்கு அந்தக் காலம், அந்த அரசாங்கம், அந்த ஓவியர்கள் பட்ட பாடு எல்லாம் விலாவாரியாகச் சொல்வேன். நூற்பாலைப் படத்துச் சந்தனக் கறையை எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார், வேண்டாமென்றுவிட்டேன். யாரும் இல்லாதபோது அதை எடுத்து வைத்துக்கொண்டு, "நாந்தானுங்க கொண்டாந்தேன்" என்று சொல்லிப் பார்ப்பதுண்டு. இப்போது தடங்கலில்லாமல் வருகிறது.