நைனா என்னைச் சந்தேகப்பட்ட கோடை

நீலக் கட்டம் போட்ட பெரிய கைக்குட்டை ஒன்று நைனாவிடம், அதாவது என் அப்பாவிடம், இருந்தது. அதன் நடுவில் பீடி நெருப்பு பட்டுப் பொசுங்கிய ஓர் ஓட்டை. மிளகு அளவுதான் இருக்கும். தியேட்டரில் பேய்ப் படம் ஆரம்பித்ததும் கைக்குட்டையை முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொள்வார். ஓட்டை வழியாக ஒரு கண் மட்டும் படம் பார்க்கும். பயம் முற்றிவிட்டால் ஓட்டையை மூக்குப் பக்கம் நகர்த்திவிட்டு, இப்போது என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்பார். நான் விடாமல் சொல்லிக்கொண்டே வர வேண்டும். பத்து வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. பாப்கார்ன்தான் சம்பளம்.

வெளியில் அவர் பயந்தாங்கொள்ளி இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். காற்று பலமாக அடித்து மற்றவர்கள் கீழே இறங்கிவிட்ட ஒரு நாளில், அவர் மட்டும் உச்சியில் கேபினுக்குள் டிபன் பாக்ஸைத் திறந்து வஞ்சிர மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்ததாக அவருடைய கூட்டாளிகள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சினிமாவிலும் வெள்ளைப் புடவை கட்டிய பேய் வந்தால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும். புடவையை யார் துவைத்துக் கொடுக்கிறார்கள் என்று சத்தமாகக் கேட்டு முன்வரிசையைச் சிரிக்க வைப்பார். ஒரே ஒரு வகைப் படம்தான் அவரைக் கைக்குட்டைக்குப் பின்னால் துரத்தியது. பெற்ற பிள்ளையே அப்பா அம்மாவுக்கு எதிராகத் திரும்பும் படம். வேடிக்கை என்னவென்றால், அந்த வகைப் படம் ஒன்று டோல்கேட் பக்கத்துத் தியேட்டருக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தால் வார லீவு நாளில் பகல் காட்சிக்கு முதலில் போய் நிற்பவரும் அவர்தான். அம்மா வர மாட்டாள். அதனால் துணைக்கு நான்.

எல்லாம் தமிழில் டப்பிங் செய்த வெளிநாட்டுப் படங்கள். அதில் வரும் பொன்முடிக் குழந்தைகள் எங்கள் தமிழ் ஐயாவே எழுந்து நின்று கைதட்டும் அளவுக்குச் சுத்தமாகப் பேசும். 'தந்தையே, தங்களுக்கு ஒரு பரிசு வைத்திருக்கிறேன்' என்று ஒரு சிறுமி புன்னகையோடு சொன்னபோது நைனா என் கையை இறுக்கியதில் கண்ணாடி வளையல்கள் இரண்டு உடைந்தன. "மருவாதியா பேசற புள்ளையத்தான் பாப்பா நம்பக் கூடாது" என்பது அவர் கண்டுபிடித்த முதல் விதி. வீடு திரும்பும் வழியெல்லாம் விதிகள் கூடிக்கொண்டே போகும். கெட்டுப்போகப்போகிற பிள்ளை முதலில் சாப்பாட்டைக் குறைக்கும். பிறகு ஜன்னலில் நின்று வெளியே வெறிக்கும். கூப்பிட்டால் மெதுவாகத் திரும்பும். ஜெபம் என்றால் அதற்கு ஆகாது. அந்த வெள்ளைக்கார அப்பன் மட்டும் கடைசி ரீல் வரை ஒன்றையும் கவனிக்க மாட்டான் என்று நைனாவுக்கு ஒரே ஆத்திரம். நம் வீட்டில் அப்படி வந்தால் என்ன செய்வது என்று ஒருமுறை கேட்டேன். ஒற்றை ரூம் வீட்டில் நாம் நிற்கவே இடம் இல்லை, பேய் எங்கே போய் நிற்கும் என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

இனி அம்மாவின் நேர்த்திக்கடனைச் சொல்ல வேண்டும். இரண்டு வயதில் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. டாக்டர் கையை விரித்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்று, இவள் பிழைத்தால் இவளை உனக்கே கொடுத்துவிடுகிறேன் என்று வேளாங்கண்ணி மாதாவிடம் அம்மா நேர்ந்துகொண்டாள். நான் பிழைத்தேன். ராயபுரத்தில் கோயிலைச் சுற்றி இருந்த எங்களைப் போன்ற குடும்பங்களில் இது அதிசயம் இல்லை. ஒரு பையனைச் சாமியாராக்கவும் ஒரு பெண்ணைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பவும் நேர்ந்துவிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். ஆகவே எனக்குப் பேச்சு வந்ததிலிருந்தே தெருவுக்கு நான் 'சிஸ்டர்'. மீன்காரம்மா கூட, சிஸ்டருக்கு ஒரு சங்கரா மீன் சேர்த்துப் போடுகிறேன் என்பாள். எனக்கும் அந்தப் பட்டம் பிடித்துத்தான் இருந்தது. எட்டு வயதில் துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம் கொடுத்துக்கொண்டிருந்தவள்தான் நான்.

பதினைந்து வயதில் பிடிக்காமல் போய்விட்டது. பத்தாவது பரீட்சை முடிந்தது. ஜூன் மாதம் மடத்தில் சேர வேண்டும். அம்மா ஒரு தகரப் பெட்டி வாங்கி, மூடியில் என் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுத வைத்துவிட்டாள். அந்த எழுத்து காய்ந்த அன்றைக்குத்தான் எனக்குப் போகப் பிடிக்கவில்லை என்று எனக்கே தெரிந்தது. டாக்டராக வேண்டும், கலெக்டராக வேண்டும் என்று பெரிய கனவெல்லாம் எனக்கு இல்லை. அடுத்த தெரு ஸ்கூலில் பிளஸ் ஒன் சேர வேண்டும், நைனாவோடு சினிமா பார்க்க வேண்டும், நாளைக்கு நான் என்ன ஆவேன் என்பது தெரியாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஆனால் வாயைத் திறக்கப் பயம். கொடுத்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டால் மாதா கொடுத்த உயிரையும் எடுத்துக்கொள்வாளோ என்று நிஜமாகவே பயந்தேன். என்னை எடுக்காமல் அம்மாவை எடுத்துவிட்டால்?

அதனால் ஒன்றும் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் பார்த்தபடி நின்றேன். கூப்பிட்டால் காதில் விழாது; விழுந்தாலும் மெதுவாகத்தான் திரும்புவேன். சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது என் பங்கு வந்தால் பாதி மந்திரத்தில் நின்றுவிடுவேன். ஒருநாள் மணியை உருட்டாமல் இறுக்கிப் பிடித்து இழுத்ததில் கயிறு அறுந்து, மணிகள் சிதறிக் கட்டிலுக்கு அடியில் ஓடின. அம்மா திட்டிக்கொண்டே பொறுக்கினாள். நைனா பொறுக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தார். கைக்குட்டை ஓட்டை வழியாகப் பார்க்கும் அதே கண்.

மறுநாளிலிருந்து வீட்டில் விசித்திரங்கள் நடந்தன. செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து அந்தோணியார் கோயில் வழியாக வந்தவர், மந்திரித்த உப்பு ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். அடுத்த நாள் என் தட்டில் விழுந்த சாம்பாரை வாயில் வைக்க முடியவில்லை. அம்மா தன் கை தவறிவிட்டதோ என்று குழம்பினாள். என் தலையணையை உதறினால் உப்பு. செருப்புக்குள் உப்பு. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் சொம்பைத் தராமல் முதலில் என் மேல் நாலு சொட்டுக் கோயில் தீர்த்தம் தெளித்துவிட்டு, புகைகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு ஒரு நாள், சும்மா பேச்சுக்குக் கேட்பது போல, பரலோக மந்திரம் என்ற ஜெபத்தை ஒரு தடவை சொல்லச் சொன்னார். கடகடவென்று ஒரு பிழை இல்லாமல் சொல்லி முடித்தேன். அவர் முகம் தெளியும் என்று பார்த்தால் இன்னும் வெளிறிவிட்டது. மரியாதையாகப் பேசும் பிள்ளையை நம்பக் கூடாது அல்லவா! என்னைப் பேய் என்று நினைக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. சிரிக்கிற நிலையில் நான் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லாமல் இருக்க அது வசதியாகவும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மே மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் அம்மா ரேஷன் கடைக்குப் போன சமயம் பார்த்து என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போனார். புதிதாக வந்திருந்த உதவிப் பங்குச் சாமியார் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். தெற்குச் சீமைக்காரர், இளவயது. நைனா என்னைத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு அறிகுறிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். சாமியார் முகம் மாறாமல் கேட்டார். கடைசியில், இதெல்லாம் எந்தப் படத்தில் வருகிறது என்று மட்டும் கேட்டார். நைனா படத்தின் பெயரைச் சொன்னதும், அதைத் தானும் பார்த்ததாகவும், கிளைமாக்ஸில் சாமியாரை அநியாயமாக மாடியிலிருந்து தள்ளிவிட்டார்கள் என்றும் குறைப்பட்டுக்கொண்டார். இருவரும் கொஞ்ச நேரம் அந்தச் சாமியாருக்காக வருத்தப்பட்டார்கள். பாப்பாவுக்குப் பேயும் இல்லை, ஒன்றும் இல்லை, பரீட்சை அலுப்பாக இருக்கும் என்று சாமியார் சொல்லிப் பார்த்தார். நைனா கேட்கவில்லை. படத்தில் கேட்கிற மாதிரி தானே கேட்டுவிடுகிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும் என்றார்.

என் எதிரில் வந்து நின்றார். ஒரு கையில் தீர்த்தப் பாட்டில், இன்னொரு கையில் மாதா படம். கைக்குட்டை இல்லை. இரண்டு கண்ணும் திறந்திருந்தன, பாட்டில் தீர்த்தம் மட்டும் தளும்பிக்கொண்டிருந்தது. இருபது டன் பெட்டியை அலுங்காமல் இறக்கி வைக்கிறவர்.

"நீ யாரு? உனுக்கு இன்னா வோணும்? சொல்லு."

பிறந்ததிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கு என்ன வேண்டும் என்பது என் இரண்டாவது வயதிலேயே முடிவாகிவிட்டதால் கேட்க யாருக்கும் தோன்றியிருக்காது. பதில் என்னை அறியாமல் வந்துவிட்டது.

"நான் சிஸ்டராவ மாட்டேன் நைனா. எனுக்கு நம்ம வூட்லயே இருக்கணும்."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. மாதா இப்போது என் உயிரை எடுத்துக்கொள்வாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால் நைனா கோயில் படியில் உட்கார்ந்து, தீர்த்தப் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தார். பாதி பாட்டில் காலியானதும் வாயைத் துடைத்துக்கொண்டு, "இவ்ளோதானா? இத வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?" என்றார். சாமியார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்; அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அம்மா நேர்ந்தது அம்மாவின் வாக்கு, பிள்ளை மனசு இல்லாமல் மடத்துக்குள் யாரையும் எடுக்க மாட்டார்கள் என்று அவர் விளக்கியபோது நைனா பாதிதான் கேட்டார். அவருக்கு அதைவிடப் பெரிய கவலை வந்துவிட்டது. இதை அம்மாவிடம் யார் சொல்வது?

அவரேதான் சொன்னார். அம்மா கத்தவில்லை, அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து வெகு நேரம் அழுதாள். பெற்ற மகளே தன்னை மாதா முன்னால் பொய்க்காரியாக்கிவிட்டாள் என்றாள். இவளுக்கு ஒரு தும்மல் வந்தாலும் இனி நான் யாரிடம் போய் நிற்பேன் என்று கேட்டாள். கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நைனாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"எங்கிட்ட இருந்ததுலயே பெருசத்தான் நான் குடுத்தேன். நீ இன்னாய்யா குடுப்ப?"

நைனா யோசித்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பீடியை விடுவதாகச் சொன்னால் அம்மா நம்ப மாட்டாள். நாலு தடவை விட்டவர். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இனிமேல் பேய்ப் படம் பார்க்க மாட்டேன் என்றார். வேறு யாராக இருந்தாலும் இதென்ன பெரிய தியாகம் என்று சிரித்திருப்பார்கள். அம்மா சிரிக்கவில்லை. அவரோடு குடும்பம் நடத்தியவள் அவள். சரி என்றாள். தன் பங்குக்கு, மாதாவுக்கு உரிய சனிக்கிழமையில் மீன் சாப்பிடுவதை விட்டாள். ராயபுரத்தில் பிறந்தவளுக்கு அது எவ்வளவு என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். எனக்குத் தும்மல் வந்தது, ஜலதோஷம் வந்தது, பிளஸ் டூவில் அம்மை கூட வந்தது. ஒவ்வொன்றுக்கும் அம்மா மாதா படத்தை ஓரக்கண்ணால் பார்ப்பாள். நான் ஒவ்வொன்றிலிருந்தும் எழுந்து உட்கார்ந்தேன். அந்தத் தகரப் பெட்டியில் இன்றைக்கும் அரிசிதான் இருக்கிறது.

நைனா வாக்கை மீறவே இல்லை. கூட்டாளிகள் டிக்கெட்டோடு வந்து வாசலில் நின்று ஆசை காட்டிய காலம் உண்டு. பகல் காட்சி நேரத்தில் அவர் கேரம் போர்டைத் தட்டிக்கொண்டிருப்பார். இப்போது ரிட்டயராகி, அம்மாவோடு திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் இருக்கிறார். நான் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. பாட்டு வகுப்பு வேண்டாம், கராத்தே வேண்டாம், நீங்கள் வாங்கிய இந்தச் சுடிதார் வேண்டவே வேண்டாம் என்று நாளைக்கு நாலு தடவை என் முகத்துக்கு நேராகச் சொல்கிறவள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நைனாவுக்கு மட்டும் அதைக் கேட்டால் ஒரே குஷி.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் டிவியில் ஒரு பேய்ப் படம் போட்டாள். அப்பா அம்மாவை அலமாரிக்குள் பூட்டுகிற பெண் ஒருத்தி. நைனா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பார்க்க மாட்டேன் என்றுதான் சொன்னேன், காதை மூடிக்கொள்வதாக நேர்ந்துகொள்ளவில்லை என்பது அவர் கட்சி. அம்மா அதற்கும் சேர்த்து மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவாள் போலிருக்கிறது. விளம்பர இடைவேளையில், பல வருடங்களாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். அன்றைக்குக் கோயிலில் எனக்குள் நிஜமாகவே பேய் இருந்து பதில் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் நைனா?

அவர் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை.

"இன்னா செய்றது. அதையும் வூட்டுக்குத்தான் இட்டுகினு வந்திருப்பேன். சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சில்ல."