இருநூற்றுப் பதினான்காம் விளக்கு

பாம்புத் தெய்வமான மனசாவின் பூஜை அன்று மத்தியானம் இரண்டே கால் மணிக்கு, சிமல்டாண்ட் நிலக்கரிச் சுரங்கத்து விளக்கறையில் ஏத்வாரி ஆணிப்பலகையை மூன்றாம் தடவையாகப் பார்த்தாள். எத்தனை தடவை பார்த்தால் என்ன? ஒரே ஒரு பித்தளை டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. எண் இருநூற்றுப் பதினான்கு.

விளக்கறைச் சட்டம் சின்னப் பிள்ளைக்கும் புரியும். உள்ளே போகிறவன் தன் டோக்கனைக் கொடுத்துத் தலைவிளக்கை வாங்கிப் போவான். வெளியே வந்ததும் விளக்கைக் கொடுத்து டோக்கனை வாங்கிக்கொள்வான். ஆணியில் டோக்கன் தொங்கினால் அந்த ஆள் இன்னும் பூமிக்கு அடியில் இருக்கிறான். பதினோரு வருஷமாக அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள் ஏத்வாரி. அவளுக்குத் தெரியாமல் ஒருத்தனும் உள்ளே போனதில்லை. இன்று போனவனும் அவளுக்குத் தெரிந்துதான் போனான்.

காலையில் அந்த டோக்கனை நீட்டியவன் ஜக்லால் மஹ்தோ இல்லை. அவன் மச்சினன் நுனுலால். முகத்தில் பாதியைத் துண்டால் மூடிக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி குனிந்து நின்றான். அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி அவளைத் தீதி என்றான்.

"தீதி, மச்சானுக்கு இன்னிக்கு விரதம். ராத்திரி அவர் கையாலதான் வாத்து வெட்டணும். ஒரே ஒரு நாள், கண்டுக்காதீங்க."

"நீ சைக்கிள்ல கரி மூட்டை தள்றவன். உள்ள போய் என்னத்தடா கிழிப்பே?"

"அவங்க சொல்ற எடத்துல நின்னு அள்றேன். மேல அள்ளினாலும் கரிதான், கீழ அள்ளினாலும் கரிதான்."

அவள் சிரித்துவிட்டு விளக்கைக் கொடுத்தாள். பூஜை நாளில் இது சிமல்டாண்டில் வழக்கம். அண்ணனுக்குத் தம்பி போவான், மாமனுக்கு மருமகன் போவான். கீழே வேலையை மேற்பார்க்கும் ஓவர்மேனும் பார்க்காத மாதிரி இருப்பார். அதற்கு மேல், ஜக்லால் வீட்டுக்கு அவளால் இல்லை என்று சொல்ல முடியாது. அவள் புருஷன் லக்கன்மேல் கூரை விழுந்தபோது, இரண்டு நாள் கையாலேயே கல்லைப் பிடுங்கி உடம்பை வெளியே கொண்டுவந்தவன் ஜக்லால்.

இதெல்லாம் காலையில். ஒரு மணிக்குக் கீழிருந்து ஓவர்மேன் கலீம் மியான் போன் பண்ணினார். ஏழாம் பகுதியில் கரிச்சுவர் வியர்க்கிறது, மண்ணெண்ணெய் வாடை வருகிறது என்றார். ஜரியாப் பக்கத்தில் பிறந்தவனுக்கு அந்த வாடைக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டாம். வெள்ளைக்காரன் நாளில் பற்றிய நெருப்பு அங்கே இன்னும் மண்ணுக்கடியில் நடமாடுகிறது. தனி முதலாளிகள் இருந்தவரை, கூரையைத் தாங்க விட்ட கரித்தூணைக்கூட வெட்டி விற்றுவிட்டுப் போனார்கள். பின்னால் வந்தவர்கள் மட்டும் என்ன, மேலே மண்ணை மலை மலையாகக் குவித்துப் பள்ளம் தோண்டினார்கள். ஆவணி மழை பெய்தால் ஏத்வாரி குடியிருக்கும் வரிசை வீடுகளுக்குப் பின்னால் தரை வெடிப்பிலிருந்து ஆவி கிளம்பும். பெண்கள் அதன்மேல் ஈரத் துணியை உலர்த்துவார்கள். அப்படிப்பட்ட ஊர் அது.

சுவர் வியர்த்தால் ஒரே வழிதான். ஆட்களை வெளியே எடுத்துவிட்டு, அந்தப் பகுதியின் வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டும். காற்றில்லாமல் நெருப்பு தானாகச் சாகும். உள்ளே வேறு எது இருந்தாலும் அதுவும் சாகும்.

எல்லாரையும் டோலி என்கிற இரும்புக் கூண்டில் மேலே ஏற்றியாயிற்று. சுவர் கட்டும் எட்டுப் பேரின் டோக்கனை ஏத்வாரி தனியாகக் கம்பியில் கோத்து வைத்திருந்தாள். மீதி எல்லாம் திரும்பிப் போய்விட்டது, இந்த ஒன்றைத் தவிர.

நுனுலாலோடு ஒரே கூட்டத்தில் வேலை செய்த துக்கன் ஜன்னலோரம் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டாள்.

"ஏண்டா, நுனு எங்கடா?"

"வந்திருப்பான் தீதி."

"வந்திருப்பானா? கண்ணால பாத்தியா?"

"கீழ கலீம் மியான் பேரு வாசிச்சாரு. எல்லாரும் ஆஜர் சொன்னோம்."

"ஜக்லால் பேருக்கு யாரு ஆஜர் சொன்னது?"

துக்கன் பல்லைக் காட்டினான். "நான்தான். அந்தப் பய முழிச்சு நின்னு மாட்டிக்கக் கூடாதுல்ல? கூட்டத்துல எங்கயாவது இருப்பான்னு நானே குரல் குடுத்துட்டேன்."

அட பாவி! பத்து வருஷமாக ஆள் மாறிப் போய்ப் போய், பேர் கேட்டால் யாராவது ஒருத்தன் ஆஜர் சொல்வது அவர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. கலீம் மியானின் கணக்கில் எல்லாரும் வந்தாயிற்று. ஏத்வாரியின் பலகையில் ஒருத்தன் வரவில்லை. துக்கனின் பல் மெல்ல உள்ளே போனது. பீடியைக் கீழே போட்டான்.

"தீதி... நான் ஆஜர் சொன்னேன்னு சொல்லிடாத. வேலை போயிடும்."

அவள் பதில் சொல்வதற்குள் சின்ஹா சாகிப் வந்துவிட்டார். அன்று பெரிய மேனேஜர் ஊரில் இல்லை. முழுப் பொறுப்பும் துணை மேனேஜரான இவர் தலையில்.

"ரெண்டு நாலு பதினாலு... அதாவது இருநூத்திப் பதினாலு யாருது?" பதற்றத்தில் நாக்கு குழறியது அவருக்கு.

"ஜக்லால் மஹ்தோ, சாகிப்."

"ஜக்லாலா? அவன் குளத்தங்கரையில ஈர வேட்டியோட நிக்கறான். இப்பதான் ஜீப்புல வரும்போது பாத்தேன். விளக்கைக் குடுக்காம பூஜைக்கு ஓடியிருக்கான், ராஸ்கல். ஓடிப்போய் அவனைக் கூட்டிட்டு வாங்கடா." போனை எடுத்துக் கீழே பேசினார். "கலீம் மியான், ஆள் மேலதான் இருக்கான். சுவத்தைக் கட்டுங்க. எவ்வளவு நேரம்?"

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, இவர் "அரை மணியா? சீக்கிரம்" என்றார்.

அரை மணி. வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று ஏத்வாரிக்கு நன்றாகத் தெரியும். ஆள் மாறி விளக்குக் கொடுத்தவள் என்று அவள் வேலை போகும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. அவள் காகிதத்தைத் தோண்டுவார்கள். அந்தக் காகிதத்தில் அவள் லக்கனின் பெண்சாதியே இல்லை, சோட்டன் ராம் என்கிறவனின் விதவை. சர்க்கார் சுரங்கங்களை எடுத்துக்கொண்ட வருஷம், பேரேட்டில் பேர் இருந்த சோட்டன் ராம் பயந்துபோய்க் கயாவுக்கு ஓடினான். ஓடும்போது தன் பேரை லக்கனுக்கு ஒரு கறவை மாட்டுக்கு விற்றான். லக்கன் அந்தப் பேரில் இருபது வருஷம் கரி வெட்டினான், அந்தப் பேரிலேயே செத்தான். செத்தவர் பட்டியலில் சோட்டன் ராம் என்றுதான் எழுதினார்கள். அந்தப் பேருக்கு அழுது, விதவைக்குத் தரும் வேலையாகத்தான் அவள் இந்த ஜன்னலுக்கு வந்தாள். பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. வீடு கம்பெனி வீடு.

ஜக்லாலைக் கூட்டி வந்தார்கள். நெற்றியில் சிந்தூரம், தலையில் சொட்டுகிற ஈரம், வயிற்றில் காலையிலிருந்து ஒன்றுமில்லை.

"விளக்கு எங்கடா?" என்றார் சின்ஹா.

"வழியில... வழியில விழுந்துடுச்சு சாகிப். தேடிக் குடுத்துடறேன்." மச்சினன் எங்கேயோ டீக்கடையில் இருக்கிறான் என்று நினைத்துப் பொய் சொல்கிறான் என்பது ஏத்வாரிக்குப் புரிந்தது.

"பாத்தியா ஏத்வாரி? முடிஞ்சுது கதை." சின்ஹாவுக்கு ஒரு பாரம் இறங்கிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஏத்வாரி ஜன்னல் கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டாள். "ஜக்லால், நுனு வீட்டுக்கு வந்தானா?"

"இல்லையே. இங்க இல்லையா?"

அவள் தலையை ஆட்டினாள். ஜக்லாலின் முகம் வெளுத்தது. சின்ஹா பக்கம் திரும்பினான், தலையைக் குனிந்துகொண்டான். வீட்டில் எட்டு வயிறு, அந்த எட்டுக்கும் இந்த ஒரு வேலை. உள்ளே இருப்பது பெண்சாதியின் உடன்பிறந்தவன். அந்த மனுஷன் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். கோழை என்று யாரும் சொல்ல வேண்டாம். அவன் இடத்தில் நின்று பார்த்தால் தெரியும்.

போன் மணி அடித்தது. சின்ஹா கேட்டுவிட்டு, "இன்னும் மூணு வரிசைதானா? நல்லது" என்றார்.

"நிறுத்தச் சொல்லுங்க சாகிப்!"

அது தன் குரல் என்றே ஏத்வாரிக்கு முதலில் தெரியவில்லை. அவள் விளக்கறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தாள்.

"உள்ள ஆளு இருக்கு. ஜக்லால் போகல, அவன் மச்சினன் நுனுலால் போனான். நான்தான் விளக்குக் குடுத்தேன். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

"என்ன உளர்றே? கலீம் எண்ணிட்டார்."

"எண்ணினது பேரை சாகிப், ஆளை இல்ல! பேரு ஆயிரம் தடவை ஆஜர் சொல்லும். என்னை அப்புறம் தூக்குல போடுங்க. இப்போ சுவத்தை நிறுத்துங்க. என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதீங்க, நிறுத்துங்க!"

சின்ஹா ஜக்லாலைப் பார்த்தார். ஜக்லால் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். அதுவே போதுமாக இருந்தது. சின்ஹா போனில் கத்திய கத்தல் சுரங்கத்துக்குப் போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு ஐம்பது நிமிஷம். கட்டின சுவரை உடைத்துக்கொண்டு, மூச்சுக் கருவி மாட்டிய இரண்டு பேரோடு கலீம் மியான் உள்ளே போனார். அறுபதை நெருங்கும் மனுஷர், வேறு யாரையும் அனுப்ப மாட்டேன் என்று தானே போனார். ஜக்லால் பெண்சாதி பஸந்தி, அரிசி மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்து டோலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் தம்பிக்கு விளக்குக் கொடுத்த ஏத்வாரியை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, எதிரியைக்கூட யாரும் அப்படிப் பார்க்கமாட்டார்கள்.

மணி அடித்து டோலி மேலே வந்தது. நுனுலால் வந்தான். கால் பின்னியது, உதடு நீலம் பூத்திருந்தது, ஆனாலும் உயிர் இருந்தது, விடாமல் இருமினான். கூரைக்கு முட்டுக் கொடுக்கும் மரம் எடுத்து வரப் போன இடத்தில் வழி தவறி, ஆள் ஒதுங்குவதற்காகக் கரியில் குடைந்த குழியில் உட்கார்ந்திருக்கிறான். கெட்ட காற்று மெல்லத் தூங்க வைத்துவிட்டது. பஸந்தி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள், அடித்தாள், மறுபடி அழுதாள். ஏத்வாரி விளக்கறைக்குள் போய் அந்த டோக்கனை ஆணியிலிருந்து எடுத்தாள்.

ஐந்து மணிக்கு அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். சின்ஹா சாகிபின் மேஜையில் இரண்டு காகிதம் இருந்தது.

"உக்காரு ஏத்வாரி." அவர் யாரையும் உட்காரச் சொல்லி அவள் பார்த்ததில்லை. "வேத்து ஆளு உள்ள போனான்னு எழுதினா, ஜக்லால் வேலை போகும். கலீம் மியானுக்கு ஓய்வு பெற நாலு மாசம். சர்ட்டிபிகேட்டும் போகும், கையில வர்றதும் போகும். நானும் போவேன்."

"சரி சாகிப்."

"உள்ள யாருமே இல்லை, விளக்கறைக்காரி எண்ணிக்கையில தப்புப் பண்ணிப் பொய்க் கூச்சல் போட்டா, நெருப்படைப்பு ஒரு மணி நேரம் தாமதமாச்சுன்னு எழுதினா..." அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு முடித்தார். "நீ ஒருத்திதான்."

"நுனு என்ன சொல்றான்?"

சின்ஹா ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். அவளுக்குப் படிக்க வராது, அவரே படித்தார். மச்சானைப் பூஜைக்குக் கூப்பிட வந்த இடத்தில், தரை வெடிப்பின் புகை தாக்கி நான் மயங்கி விழுந்தேன், சுரங்கத்துக்குள் ஒருபோதும் போனதில்லை. கீழே நுனுலாலின் கட்டைவிரல் ரேகை. மை வேண்டியிருந்திருக்காது, விரலிலேயே அவ்வளவு கரி.

ஏத்வாரிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. கலீம் மியானை இழுத்து, துக்கனை இழுத்து, நுனுவின் காதுக்குள் இருக்கிற கரித்தூளைக் காட்டி ஒரு நொடியில் உண்மையை நிரூபிக்க அவளால் முடியும். எட்டு வயிறு. நாலு மாசம். பெண்ணின் கல்யாணத்தைப் பற்றியும் நினைத்தாள், அதை நினைக்காமல் இருக்க அவள் என்ன கல்லா? வீட்டைக் காலி பண்ண எத்தனை நாள் தருவீர்கள் என்று கேட்டாள். ஒரு மாசம் என்றார். பிறகு, தப்பு தன்னுடையது என்று எழுதியிருந்த மற்ற காகிதத்துக்குக் கட்டைவிரலை நீட்டினாள்.

வெளியே தாழ்வாரத்தில் நுனுலால் நின்றுகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் தடாலென்று காலில் விழுந்தான்.

"தீதி, நான் உள்ள போகவே இல்லைன்னு ரேகை வச்சுட்டேன் தீதி. அக்கா வைக்கச் சொன்னா. நான் மனுஷனே இல்ல."

"எழுந்திருடா."

"என்னைச் செருப்பால அடி தீதி."

"செருப்பு தேயறதுதான் மிச்சம். எழுந்திரு, மூச்சு வாங்குது பாரு உனக்கு." அவன் தோளைப் பிடித்துத் தூக்கினாள். அவள் கண்ணிலும் தண்ணீர் நிற்கவில்லை. "உள்ள நுனு போகலைன்னு நீயே உன் வாயால சொல்ற. நான் சும்மா இருந்திருந்தா, உன்னை உள்ள வச்சுக்கிட்டு அதைச் சுவரு சொல்லியிருக்கும்."

அடுத்த ஷிப்டுக்காரன் விளக்கறைச் சாவிக்காகக் காத்துக்கொண்டிருந்தான். அதைக் கொடுக்க அவள் நடந்தாள்.