கடலுக்குப் போகாதவர் வீட்டுச் சாப்பாடு

நான் மீன் லாரி ஓட்டுகிறவன். கடலோரத்தில் பல ஊர்களில் சாப்பிட்டிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வருத்தப்பட்ட ஊர்களும் நிறைய உண்டு. மீன் பிடிக்கிற ஊரில் மீன் நன்றாகத்தான் இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். நல்ல மீனெல்லாம் என் லாரியில் ஏறிப் போய்விடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. மிஞ்சியதை எண்ணெயில் போட்டுக் கருக்கி, காரத்தைப் பூசி மறைத்துக் கொடுப்பார்கள்.

இந்த ஊர் மட்டும் அப்படி இல்லை. நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். ஐஸ் ஃபேக்டரியைத் தாண்டி, வலை காயப்போடும் திடலுக்குப் பின்னால், நீலத் தார்ப்பாய் கட்டிய வீடு. போர்டு கிடையாது. "தரை டிக்கெட் வீடு எது?" என்று கேட்டால் போதும், தெருவே கை நீட்டும்.

கடலுக்குப் போகாமல் தரையிலேயே இருப்பதால் அந்த வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் அது. அவருடைய அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லாரும் படகுக்காரர்கள். இவருக்கு மட்டும் படகில் கால் வைத்தாலே குடல் வாய்க்கு வந்துவிடும். ஆரம்பத்தில் எல்லாருக்கும் அப்படித்தான், பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை. எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தார்கள். வயிற்றில் ஈரத்துண்டை இறுக்கிக் கட்டினார்கள். வெறும் வயிற்றோடு போ என்றார் ஒருவர். முட்டத் தின்றுவிட்டுப் போ என்றார் இன்னொருவர். எல்லா வைத்தியமும் கடலில்தான் கலந்தது. "இவன் வந்தா போதும், மீனுக்குத் தீனி தனியா வேண்டாம்" என்று படகில் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி குனிவார்.

இப்படியே சில வருஷம் ஓட்டினார். ஒரு நாள் வலை இழுக்கும்போது மயங்கி, ஓடிக்கொண்டிருந்த கயிற்றின் மேலேயே விழுந்துவிட்டார். அண்ணன் பாய்ந்து இன்ஜினை நிறுத்தியிராவிட்டால் கை போயிருக்கும். வலையை அறுத்துவிட்டுப் படகைத் திருப்பினார்கள். கரையில் ஏலத்துக்குக் காத்திருந்த கூட்டத்துக்கு முன்னால் அண்ணன் சொன்னார்: "நாளையிலேருந்து நீ வராதே."

"திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். சத்தமே இல்லாம சொன்னாரு. அதான் வலிச்சுது" என்று பின்னாளில் அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் தம்பிக்குள் சண்டை என்று எதுவும் இல்லை. ஆனால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது நின்றது. இவர் ஐஸ் உடைத்தார், பெட்டி தூக்கினார், கிழிந்த வலைகளைத் தைத்துக் கொடுத்தார். பக்கத்து ஊரிலிருந்து மீன் வாங்க வரும் ஒரு பெண்ணுக்கு இவரைப் பிடித்துப்போயிற்று. பெண்ணின் அப்பா குதித்தார். கடலுக்குப் போகாதவனுக்குப் பெண்ணா?

அந்தப் பெண், நாங்கள் இப்போது அக்கா என்று கூப்பிடுகிறவர், மசியவில்லை. "கடலுக்குப் போனவரு வருவாரா மாட்டாரான்னு வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்க என்னால ஆகாதுப்பா. இவரு எங்கயும் போக மாட்டாரு. எனக்கு அது போதும்."

கல்யாணம் ஆனது. அக்கா விடியும்போதே கூடையோடு கிளம்பி, தெருத் தெருவாக விற்றுவிட்டு மதியம் திரும்புவார். வீட்டில் இருக்கிறவர்தானே சமைக்க வேண்டும்? இவர் சமைத்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எண்ணெய் வாடை தூக்கலாக இருந்தால் முதலில் இவருக்கே குமட்டும். அதனால் எண்ணெயைக் குறைத்தார், மீனை இரண்டு தடவைக்கு நான்கு தடவை கழுவினார், கொதிக்கும் குழம்பில் மீனைப் போட்ட உடனே அடுப்பை அணைத்துவிட்டார். முதல் வாயிலேயே அக்கா நிமிர்ந்து பார்த்தாராம். "ஏங்க, இத நான் ஒருத்தி மட்டும் தின்னா பாவம்ங்க."

ஆனால் வெளியே சொல்லவில்லை. ஆம்பளை அடுப்பில் நிற்கிறான் என்று ஊர் இன்னொரு பெயர் வைத்துவிடும் என்ற பயம் இவருக்கு.

பிறகுதான் அது நடந்தது. அண்ணனுடைய படகு நடுக்கடலில் இன்ஜின் நின்று, காற்றில் இழுத்துக்கொண்டு போய்விட்டது. தேடப் போன படகுகள் வெறுங்கையோடு திரும்பின. ஊரில் அடுப்பு எரியவில்லை. எல்லாரும் நம்பிக்கையை விட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு சரக்குக் கப்பல் சொன்ன தகவலை வைத்துப் படகைக் கண்டுபிடித்து இழுத்து வந்தார்கள். மழைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வயிற்றில் போகாமல், கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, அண்ணனும் கூடப் போன ஆட்களும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள்.

சந்தோஷத்தில் கரையில் எல்லாருக்கும் கை கால் ஓடவில்லை. ஓடிப்போய்ச் சோறும் வறுத்த மீனுமாகத் தட்டு நிறையக் கொண்டுவந்தார்கள். முதலில் வாங்கித் தின்றவர் அதே இடத்தில் சுருண்டு விழுந்து எல்லாவற்றையும் கக்கிவிட்டார். ஆஸ்பத்திரி வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு இவர் முன்னால் வந்தார். "யாரும் எதுவும் குடுக்காதீங்க. நம்ம வீட்டுக்குத் தூக்கிட்டு வாங்க."

ஒருத்தர், "உனக்கு என்னப்பா தெரியும்?" என்றார்.

"வாந்தி விஷயத்துல என்னைவிட அனுபவசாலி இந்த ஊர்ல யாருங்க இருக்கா?"

அந்த நேரத்திலும் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். ஆனால் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அரிசியைக் குழைய வேகவைத்து, தெளிந்த கஞ்சித் தண்ணீரை மட்டும் வடித்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு ஆற்றினார். ஒவ்வொருவர் தலையையும் மடியில் சாய்த்து, ஸ்பூனால் ஊற்றினார். அண்ணனுக்குப் பொறுமை இல்லை. "நிறைய ஊத்துடா."

"மெதுவாண்ணே. வயிறு பயந்துபோயிருக்கு. அத முதல்ல சமாதானப்படுத்தணும்."

அண்ணன் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாய்க்கும் விடவில்லை. அந்தப் பிடியோடுதான் இவர் ஊட்டி முடித்தார். வண்டியில் வந்த நர்ஸ் எல்லாரையும் பார்த்துவிட்டு, இதையே தொடருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கஞ்சி கொஞ்சம் கெட்டியானது. அதற்கடுத்து முள் எடுத்த மீன் சேர்ந்தது. உடம்பு தேறிய பிறகும் அந்த ஆட்கள் மதியமானால் வாசலில் வந்து நின்றார்கள். "வீட்ல சோறு போட மாட்டேங்கறாங்களாடா?" என்று அக்கா கேட்டதற்கு, "போடறாங்க அக்கா. வயிறு இங்கதான் வரேங்குது" என்றான் ஒருவன்.

அண்ணன் மறுபடி கடலுக்குப் போன முதல் நாள், ஏலம் தொடங்கும் முன்பே கூடையில் இருந்த நல்ல மீனாகப் பொறுக்கித் தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்தார். "உங்க அண்ணி குடுக்கச் சொன்னா" என்றார். பின்னாலேயே வந்துகொண்டிருந்த அண்ணி, "நான் எப்போ சொன்னேன்?" என்றார். அண்ணன் காது கேட்காத மாதிரி, பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "சாப்பாடு ஆச்சா?"

அப்படித்தான் அது சாப்பாட்டு வீடானது. அக்கா தெருத் தெருவாக அலைவதை விட்டார். வருகிறவர்களைச் சமாளிப்பது இப்போது அவர் வேலை. யாராவது அது இருக்கா, இது இருக்கா என்று ஆரம்பித்தால், "கேக்கறதக் குடுக்கற கடை இல்லங்க இது. அவரு குடுக்கறத சாப்பிடற வீடு" என்பார். வயதாகிக் கடலை விட்டுவிட்ட அண்ணன் பின்கட்டில் உட்கார்ந்து மீன் சுத்தம் செய்கிறார். இந்த வீட்டில் ஒரு கத்திகூட உருப்படியாக இல்லை என்பது அவருடைய தினசரிப் புகார்.

எனக்கும் அந்த வீட்டோடு ஒரு கணக்கு உண்டு, தீர்க்க முடியாதது. போன வருஷம் என் மனைவிக்கு ஆபரேஷன் ஆனது. பிழைத்தாள், ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் கெஞ்சினேன், கோபப்பட்டேன், அழவும் செய்தேன். கடைசியில் லாரியில் ஏற்றி இங்கே கூட்டிவந்தேன்.

அவர் எதுவும் விசாரிக்கவில்லை. அவளை ஒரு பார்வை பார்த்தார். சின்னக் கிண்ணத்தில் இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்ட மீன் சாறு, அதில் ஒரு கைப்பிடி குழைந்த சோறு. வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "காவல்காரன் மாதிரி நின்னா எப்படி இறங்கும்? வெளிய போய் டயரையாவது பாருங்க."

போய்ப் பார்த்தேன். நன்றாக இருந்த டயரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். திரும்பியபோது கிண்ணம் காலி. அவள் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கி, அதிலும் பாதிக்கு வந்திருந்தாள். என் மனைவி கேட்டு வாங்கிச் சாப்பிட்டு எத்தனை நாளாகியிருந்தது.

அடுப்படிக்குப் போய் அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டே, "சாப்பிட்டாங்கல்ல? அது போதும் தம்பி" என்றார்.

லாரியைக் கிளப்பி, கடலோர ரோட்டில் வெகுதூரம் வந்துவிட்டேன். அவள் அசதியில் கண்ணயர்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்: "ஏங்க, இத்தனை வருஷமா இங்க தனியா வந்து சாப்பிட்டுட்டு, வீட்டுக்கு வந்து பசிக்கலன்னு சொல்லிட்டு இருந்திருக்கீங்க, இல்ல?"