குங்குமம் பட்ட பாண்டியன்

சிவனேஸ்வரி அக்கா பயப்படுவதற்கென்றே பிறந்தவர். நாங்கள் கடல் கடந்து வந்து குடியேறிய பிளாக்டவுனில் எனக்கு அடுத்த வீடு. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை. காலையில் பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். அதற்குள் பஸ் போய்விடும். பிறகு பஸ் போய்விட்டதே என்று பயப்படுவார். அப்படிப்பட்டவரிடம் போய் ஒரு ராஜாவை ஒப்படைத்தான் பழனிசாமி. எனக்கு இன்னும் அவன்மீது கோபந்தான்.

பழனிசாமி மதுரைக்காரன், எஞ்சினியர். அவனுடைய தம்பிக்கு ஊரில் கல்வெட்டு அலுவலகத்தில் வேலை. மாங்குளத்து மலைக்குகையில், சமணத் துறவிக்கு இடம் கொடுத்ததாக வெட்டிய எழுத்தில், நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயர் இருக்கிறதாம். கல்லில் ஈரக் காகிதத்தை ஒட்டித் தட்டி, மை ஒற்றி எடுத்த படி ஒன்றைத் தம்பி அலுவலகத்தில் யாரையும் கேட்காமல் அனுப்பியிருந்தான். எங்கள் தமிழ் விழாவில் மாட்டிவிட்டுத் திருப்பி அனுப்பவேண்டும். விஷயம் வெளியே வந்தால் தம்பிக்கு வேலை போய்விடும். பழனிசாமியின் வாடகை வீடு மழைக்கு ஒழுகியது. அக்கா வீட்டில் பத்திரமாக இருக்கும் என்று கொண்டுவந்து வைத்தான்.

அது 1979 நவராத்திரி. சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களோடு ராஜாவையும் விரித்து வைத்தார் அக்கா. புத்தகத்துக்குப் பொட்டு வைத்த கை சும்மா இருக்குமா? வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைப்பவர், ஃபிரிட்ஜுக்கே வைத்தவர். ராஜாவுக்கும் வைத்தார். வைத்த பிறகுதான் அது திருப்பி அனுப்பவேண்டிய பொருள் என்று நினைவு வந்தது. ஈரத் துணியால் துடைத்தார். மை கரைந்து, பெயர் இருந்த இடம் சேறாகிப் போனது.

கூப்பிட்டார், ஓடினேன்.

"அந்தப் பிள்ளையின்ரை வேலை போகப்போகுது, யோகராணி. நான் இனி என்ன செய்யிறது?"

"பேசாமல் சுருட்டி வையுங்கோ அக்கா. மழை ஈரம் பட்டதெண்டு சொல்லுவம்."

"சாமிக்கு முன்னாலை பழுதாக்கிப்போட்டுப் பொய்யும் சொல்லச் சொல்லுறியோ?"

உடனே பழனிசாமிக்குப் போன் எடுத்தார். அவன் வந்து பார்த்தான், கதிரையில் உட்கார்ந்தான். நாலு வார்த்தை ஏசியிருந்தால் அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடைசியில், "தம்பிக்கு டிரங்கால் போடுறேன்க்கா" என்றான்.

லைன் கிடைக்கும்வரை அக்கா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். வைத்த தேத்தண்ணியை யாரும் தொடவில்லை. லைன் கிடைத்ததும் பழனிசாமி, "ஆமாடா, பேரே போச்சு" என்று கத்தினான். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை வைத்தான்.

"ராஜா கல்லுலதானே இருக்காரு, காகிதத்துலயா இருக்காருன்னு கேக்குறான். அடுத்த வாரம் மலைக்குப் போறானாம். ரெண்டு படி எடுத்து, ஒண்ண ஆபீஸ்ல வச்சுட்டு ஒண்ண நமக்கு அனுப்புறானாம். அழாதீங்கக்கா."

அக்கா அழுதுகொண்டேதான் இருந்தார். அலுவலகத்தில் புதுப் படி சேர்ந்துவிட்டது என்று செய்தி வரும்வரை அவருக்குச் சோறும் சரியாக இறங்கவில்லை.

எங்களுக்கு வந்த படியைப் பழனிசாமி நேரே அக்கா வீட்டுக்கே கொண்டுவந்தான். "விழா வரைக்கும் இங்கயே இருக்கட்டும்க்கா." இவனுக்குப் பைத்தியமா என்று நினைத்தேன். அக்கா இரண்டு கையாலும் வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார்.

அன்று பின்னேரம் குங்குமச் சிமிழோடு என் வாசலில் நின்றார்.

"விழா முடியுமட்டும் இது உன்னட்டை இருக்கட்டும்."

விழா முடியும்வரை ஒவ்வொரு காலையும், பஸ்ஸுக்கு முன்னால், தன் நெற்றிக்குப் பொட்டு வைக்க அவர் என் வீட்டுக்குத்தான் வந்தார்.