குக்குறுவானுக்குப் போட்ட குரல்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி பரசுராமன் வீடு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். சோதனைக் குழாய்களைக் கழுவி வைப்பது, ஆசிட் அலமாரியைப் பூட்டுவது, இவ்வளவுதான் உத்தியோகம். பள்ளிக்கூடத்தில் அவரை ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ‘நம்ம வீட்டுப் பறவைகள்’ என்ற வாட்ஸ்அப் குழுவிலோ அவர் வைத்ததுதான் சட்டம். யாராவது வாலும் பாதி முதுகுமாக மங்கலான படம் ஒன்றை அனுப்புவார்கள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டே பார்த்துவிட்டு, “வல்லூறு இல்லை, பெண் குயில். புள்ளிகளைப் பாருங்கள்” என்று பதில் போடுவார். எழுபது பேரும் கை கூப்புவார்கள். ஐம்பத்தோரு வயது மனிதருக்கு அது வேண்டியிருந்தது. தப்பென்று சொல்ல நாம் யார்?

குழுவின் விதிமுறைகளை எழுதியதும் அவரே. அதில் மூன்றாவது, கூட்டுக்குப் பக்கத்தில் பறவையின் குரலைப் போனில் போடக்கூடாது என்பது. தன் இடத்துக்கு இன்னொன்று வந்துவிட்டதென்று பறவை சண்டைக்குக் கிளம்பும். குஞ்சுக்கு இரை போகாது. போன வருடம் இப்படிச் செய்த ஒருவரைக் குழுவிலிருந்து தூக்கினார். தூக்கியதோடு விடாமல் இரண்டு பக்கத்துக்குக் கண்டனமும் எழுதினார்.

பங்குனி மாதம் அவர் வீட்டுக் கொல்லை முருங்கையில், பட்டுப்போன கிளையொன்றில், செம்மார்புக் குக்குறுவான் ஜோடி பொந்து குடைந்தது. சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரியது, பச்சை உடம்பு, நெஞ்சில் சிவப்பு. பாத்திரக் கடையில் குடம் தட்டுகிற மாதிரி ‘டொக் டொக்’ என்று குரல். சித்திரை பிறந்தபோது பொந்துக்குள் குஞ்சுகள் கத்தின. பரசுராமன் குழுவில் அறிவித்தார்.

டவுனில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் சிந்துஜா, குழுவுக்குப் புதியவள், “எங்களுக்கும் காட்டுங்க சார்” என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டுப் பேர் வந்து நின்றார்கள். பரசுராமனின் மனைவி தனம் எல்லாருக்கும் டீ போட்டாள். கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பறவை கிட்டவே வரவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. யாரோ கொட்டாவி விட்டார்கள்.

அந்தக் கொட்டாவிதான் அவரைக் கெடுத்தது. “இருங்க, வந்துடறேன்” என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார். போனில் குக்குறுவான் குரலை வைத்து அமுக்கி, செங்கல் சந்தில் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலத் திரும்பி வந்தார். ஆண் பறவை பாய்ந்து வந்தது. அலகில் ஒரு அத்திப்பழம். எதிரே கொடிக்கம்பியில் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டித் தவித்தது. ‘டொக் டொக்’ என்று கொல்லை முழுக்கக் கேட்டது. எட்டுப் பேரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்; சிந்துஜா வீடியோ எடுத்தாள். “எப்படி சார் வரும்னு தெரிஞ்சது?” என்று ஒருவர் கேட்டார். “பழக்கம்தான்” என்றார் பரசுராமன்.

அதோடு விட்டாரா? பழத்தோடு இருக்கிற படம் தெளிவாக விழவில்லை என்று திங்களும் செவ்வாயும் காலையில், பள்ளிக்கூடம் விட்டு வந்து சாயங்காலத்தில், மறுபடி மறுபடி போட்டார். படம் விழுந்தது. குழுவே கொண்டாடியது.

புதன்கிழமை வாசலுக்கும் கொல்லைக்குமாகப் பெருக்கிக்கொண்டிருந்த தனம் கூப்பிட்டாள். “இன்னாங்க, இங்க வந்து பாருங்க.” முருங்கையடியில், பொந்திலிருந்து விழுந்த இரண்டு குஞ்சுகள். வயிறு ஒட்டிச் செத்துக் கிடந்தன. எறும்பு மொய்த்திருந்தது. பார்த்த மாத்திரத்திலேயே பரசுராமனுக்குத் தெரிந்துவிட்டது.

“வெயில் ஜாஸ்தி” என்றார்.

குழுவிலும் அதையே எழுதினார். ஐயோ பாவம் என்று ஆளாளுக்கு உருகினார்கள். மறுநாள் மொட்டை மாடிகளில் பறவைகளுக்குத் தண்ணீர்ச் சட்டி வைத்து வரிசையாகப் படம் அனுப்பினார்கள். சார் கண்ணைத் திறந்துவிட்டார் என்று வேறு எழுதினார்கள். ஒவ்வொரு சட்டியும் அவரைக் கூசவைத்தது. கொல்லைப் பக்கமே அவர் போகவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிந்துஜாவிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. “நாங்க கூட்டமா வந்து நின்னதாலதான் குஞ்சு செத்துச்சா சார்? நான்தான் காட்டுங்கன்னு கேட்டேன். மனசே ஆறல. இனிமே பறவை பார்க்க வரமாட்டேன்.”

‘அதெல்லாம் இல்லம்மா, வெயில்தான்’ என்று தட்டினார். அனுப்ப விரல் வரவில்லை. பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த தனம் எட்டிப் பார்த்தாள்.

“அந்தப் பொண்ணுகிட்டயும் வெயில்னே சொல்லப் போறீங்களா?”

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“தொட்டிக்குப் பின்னால போன் கத்தினது எனக்குக் கேக்காதா? மூணு நாளா அது பழத்த வாயில வச்சுகினு அந்த செங்கல்லையே சுத்திச் சுத்தி வந்துச்சு. பொந்துக்குப் போகவே இல்ல.”

“அப்பவே சொல்றதுதானே?”

“பறவையப் பத்தி உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுதுன்னு இருந்துட்டேன்.”

இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் இதைவிடக் கடுமையாக எவ்வளவோ பேசியிருக்கிறாள். எதுவும் இப்படிச் சுட்டதில்லை. தட்டியதை அழித்துவிட்டுச் சிந்துஜாவுக்குப் போன் செய்தார்.

“உங்களால இல்லம்மா. நான்தான். தொட்டிக்குப் பின்னால போன்ல குரலப் போட்டேன். மூணு நாள் போட்டேன். குழுவுலயும் இப்ப எழுதிடறேன். வெயில்னு பொய் சொன்னேன்மா, வெக்கமா இருக்கு.”

திட்டிவிட்டு வைத்துவிடுவாள் என்று நினைத்தார்.

“சார், அன்னிக்கு அது பாடுதுன்னு வீடியோ எடுத்து எங்கம்மாவுக்கு அனுப்பினேன். தினமும் போட்டுக் கேக்கறாங்க” என்றாள் சிந்துஜா. “அதுல கேக்கறது உங்க போனா சார்?”

“ஆமாம்மா” என்றார் பரசுராமன்.