மூன்றாவது ராணியின் பங்கு

சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் கூடிப் பாராயணம் படிப்போம். பிள்ளையில்லாத ராஜாவுக்கு யாகத்தில் பாயசம் கிடைத்து, மூன்று ராணிகளும் குடிக்கிற கட்டம் வருகிற வாரம், பாயசம் படைத்து, குழந்தை இல்லாதவர்களுக்குத்தான் முதலில் கொடுப்பார்கள். போன வருஷம் வாங்கியது நானும் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரியும். அவள் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி இரண்டே வருஷம். எனக்கு எத்தனை என்று கேட்காதீர்கள்.

ஆறேழு மாதத்தில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. பாயசத்தின் மகிமை என்று பிளாக் முழுக்கப் பேச்சு. அப்போ நான் குடித்தது என்ன, கழுநீரா? வயிறு எரிந்தது. கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டேதான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். டாக்டரம்மா, "உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் ஒரு குறையும் இல்ல" என்பார். குறை இருந்தாலாவது மருந்து இருக்கும். குறையே இல்லாததற்கு எங்கே போய் முட்டிக்கொள்வது?

இந்த வருஷம் அந்தக் கட்டத்துக்குப் போகவேண்டாம் என்றிருந்தேன். மைன்ஸ் ஷிஃப்டுக்குக் கிளம்பிய வீட்டுக்காரர், "போகலைன்னா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்றார். போனேன். பாயசம் பங்கிடும் பக்கம் பார்த்து, படிக்கச் சொல்லி என்னிடம் வந்தது புத்தகம். மூன்றாவது ராணிக்கென்று தனிப் பங்கு இல்லை. மற்ற இருவரும் தங்களுடையதில் எடுத்துக் கொடுக்கிறார்கள். எத்தனையோ முறை கேட்ட கதை. அன்றைக்குத்தான் அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். அடுத்தவள் கிண்ணத்தைப் பார்த்து அந்த ராணி பொருமவில்லை, வாங்கிக் குடித்தாள். எனக்கு அது வரவில்லையே!

படித்து முடித்து எல்லோருக்கும் பாயசம் கொடுத்ததும், ஐந்து மாத வயிற்றோடு குறிஞ்சிப்பாடிக்காரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏய், இங்க வா" என்று அவள் மாமியார் கூப்பிட்டார். என் கண் பட்டுவிடும் என்ற பயம். அவள் நகரவில்லை.

"ஏங்க்கா மூஞ்சத் திருப்பிக்கினே போறீங்க? இந்தாங்க, என் பங்குல பாதி."

"வேணாம்மா, உன் புள்ளைக்கு இருக்கட்டும்."

"அதுக்குப் போதும்க்கா. இது உங்க புள்ளைக்கு."

வாங்கிக் குடித்தேன். எப்போதும் எனக்குக் கொடு என்று சாமியோடு சண்டை பிடிக்கிறவள், அன்று அவளுக்கு நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று மனசார வேண்டினேன். இவளுக்குக் கொடுத்தவன் எனக்கு மட்டும் கதவைச் சாத்துவானா என்றும் தோன்றியது.

அந்த மாதமும் எனக்கு நாள் தள்ளவில்லை. விசாரிக்க வந்த அவளிடம், "இல்லம்மா" என்றேன். வாசற்படியிலேயே உட்கார்ந்து அவள் கேவிக்கேவி அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அழக்கூட நேரமில்லை. "அழாதடி, உள்ள இருக்கறதுக்கு ஆகாது" என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.