பால்வாடி போட்டோவில் மஞ்சள் கவுன்

பிள்ளைகளே, நான் எட்டாவதோடு நின்றவன். லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொல்லப்போகிற விஷயம் எங்கள் வீட்டில் நடந்தது, அதில் பிழை கிடையாது.

திருவரங்குளத்திலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். என் வீட்டுக்காரி முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் வேலை செய்கிறாள். காலை எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் அஞ்சு ஆகும். பாயசத்தில் தேடித் தேடித் தின்கிறீர்களே முந்திரி, அது ஓட்டுக்குள் இருக்கும்போது பொல்லாதது. அந்த ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. கையில் பட்டால் தோல் வெந்து உரிந்துவிடும். சாம்பலைத் தடவிக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் அவள் விரல்கள் கறுத்துப்போய்த்தான் இருக்கும்.

எங்கள் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. பகலில் அவளை யார் பார்ப்பது? அதற்குத்தானே பால்வாடி இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. நல்ல கட்டடம், சுவரில் யானை, மயில் எல்லாம் வரைந்திருக்கிறது. ஆயாம்மா ரிட்டையர் ஆன பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. டீச்சருக்குப் பக்கத்து ஊர் பால்வாடியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அதனால் எங்கள் ஊரில் ஒருநாள் திறப்பு, மறுநாள் பூட்டு. பிள்ளைக்கு ஒருநாள் விட்டு ஒருநாளா பசிக்கும்? பிராந்திக் கடை ஆள் இல்லை என்று ஒருநாள் பூட்டிக் கிடந்து நான் பார்த்ததில்லை.

புதுக்கோட்டையில் வேன் அனுப்புகிற பிளே ஸ்கூல் இருக்கிறது. விசாரித்தேன். அவர்கள் சொன்ன பீஸைக் கேட்டதும், "அப்ப நான் அந்த ஸ்கூலுக்காகத்தான் கொட்டை ஒடைக்கணும்" என்று சிரித்தாள் வீட்டுக்காரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் நாங்கள் செய்த தப்பையும் சொல்கிறேன். ஆபீசர் பார்வையிட வருகிறார் என்றால் முதல் நாளே டீச்சர் போன் பண்ணுவார். "அண்ணே, நாளைக்கு ஆபீசரம்மா வாராங்க. பாப்பாவக் குளிப்பாட்டி அனுப்பிவிடுங்க." உடனே ஊரே பரபரப்பாகிவிடும். திருவிழா மாதிரி புதுச்சட்டை, பவுடர், பொட்டு. வருகிறவர்கள் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருதடவை எண்ணிக்கை குறையுதென்று பக்கத்து வீட்டுப் பயலையும் உட்கார வைத்துவிட்டார்கள். ஆபீசரம்மா கன்னத்தைத் தட்டி, "தம்பி, என்ன படிக்கிற?" என்று கேட்க, "ரெண்டாப்பு" என்றான் அவன். அந்தம்மாவே சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். நம்ம ஊர் டீச்சர் திட்டு வாங்கக் கூடாது, நம்ம ஊர் பேர் கெடக் கூடாது என்றுதான் நினைத்தோமே தவிர, வேறெதுவும் புத்தியில் ஏறவில்லை.

ஒரு பூட்டு நாளில் எனக்குக் கோட்டைப்பட்டினத்துக்கு ஐஸ்பெட்டி லோடு. வேறு வழியில்லாமல் வீட்டுக்காரி மகளைக் கொட்டகைக்குத் தூக்கிப் போயிருக்கிறாள். சாக்கில் உட்கார வைத்து, நகரக் கூடாதென்று சொல்லியிருக்கிறாள். இரண்டரை வயதுப் பிள்ளை நகராமல் இருக்குமா? ஒரு ஓட்டை எடுத்துக் கசக்கிவிட்டது. நான் திரும்பி வந்தபோது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். அவளைவிட அதிகம் அழுதவள் அவள் அம்மா.

மறுவாரம் நாலு தகப்பன்மார் மனு எழுதிக்கொண்டு பால்வாடிகளைப் பார்க்கிற ஆபீசுக்குப் போனோம். தினமும் திறக்க வேண்டும், ஆள் போட வேண்டும். இவ்வளவுதான் கேட்டோம். அங்கிட்டுப் போ, இங்கிட்டுப் போ என்று அலையவிட்டு, கடைசியில் ஒருவர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

"ஒங்க ஊரு சென்டர் நல்லாத்தானே நடக்குது? இந்தா பாருங்க போட்டோ."

முன்வரிசையில் மஞ்சள் கவுன் போட்டுச் சிரிக்கிறது ஒரு பிள்ளை. தலையில் கனகாம்பரம். அந்தப் பூவை வைத்துவிட்டவனே நான்தான்.

"இது யாரு பிள்ளை?"

"என் மகதாங்க."

"அப்புறம் எதுக்கு மனு?"

பூட்டியிருந்த நாளுக்கெல்லாம் போட்டோ கிடையாது. திறந்திருந்த நாளுக்கு என் மகளே சாட்சி. வெளியே வந்து பஸ்ஸ்டாண்டுக்கு நடந்தோம். யார்மேல் கோபப்படுவது? பூட்டு நாளில் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காதவர்கள்மேல் வந்தது. பூ வைத்து அனுப்பிய என்மேலும் வந்தது.

அடுத்த பார்வைக்கு டீச்சர் போன் பண்ணினார். அனுப்ப மாட்டோம் என்றேன். நேரிலேயே வந்துவிட்டார். "அண்ணே, என் வேலைக்கு ஒல வைக்கப் பாக்குறீங்களா? ரெண்டு ஊரையும் நான் ஒருத்திதானே இழுத்துக்கிட்டு அலையிறேன்."

அவர் சொன்னதும் நியாயம்தான். அதற்கு வீட்டுக்காரிதான் பதில் சொன்னாள். "அதத்தானே டீச்சர் நாங்களும் சொல்லப்போறோம்? பிள்ளைகள அனுப்ப மாட்டோம். நாங்களே கூட்டிக்கிட்டு வாரோம்."

அன்றைக்குக் கொட்டகைப் பெண்கள் வேலைக்குப் போகவில்லை. புதுச்சட்டை இல்லை, பவுடர் இல்லை. கறுத்த கைகளோடு, மடியில் பிள்ளைகளோடு பால்வாடியில் உட்கார்ந்தார்கள். ஆபீசரம்மா தலைகளை எண்ணி, நோட்டில் பதினாலு என்று எழுதினார். வீட்டுக்காரி மகளின் உள்ளங்கையை விரித்து அந்த நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பதினாலும் சரிதாங்க. நாளைக்கு வந்தீங்கன்னா பூட்டு தொங்கும். இது பூட்டு நாள்ல வெந்த கை. இதையும் எழுதுங்க."

ஆபீசரம்மா டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையைக் குனிந்துகொள்வார் என்று நினைத்தேன். "ஆமாங்கம்மா, நான் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வாரேன்" என்று அவர் வாயாலேயே சொன்னார். அது நோட்டில் ஏறியது. டீச்சர் அதில் கையெழுத்தும் போட்டார்.

சில மாதம் கழித்துப் புது ஆயாம்மா வந்தார். இப்போது தினமும் திறக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் மூன்றரைக்கெல்லாம் பூட்டிவிடுகிறார்கள். கொட்டகை விடுகிறது அஞ்சு மணிக்கு. நடுவில் இருக்கிற ஒன்றரை மணி நேரம் என் மகள் லோடு ஆட்டோவில், சிமெண்டு வாடையில், என் பக்கத்தில் தூங்கி வழிகிறாள். பிரேக் போடும்போதெல்லாம் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொள்கிறேன். பிள்ளை வளர்கிற இடமா இது?

மறுபடியும் மனு எழுதிவிட்டேன். "இன்னும் என்னய்யா வேணும் ஒங்களுக்கு?" என்று கேட்பார்கள், தெரியும். அஞ்சரை வரைக்கும் வேண்டும். அம்மா வேலை முடித்து வந்து தூக்குகிற வரைக்கும் வேண்டும். மனுவின் அடியில் ஒன்று சேர்த்திருக்கிறேன்: போட்டோ எடுக்க வருகிறவர்கள் நாலு மணிக்கு வரவும், பூட்டையும் சேர்த்து எடுக்கவும்.